போர்டை அச்சுக்குக் கொடுக்க முன்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். கட்டையனுக்கு இரண்டாவதும் பெண். சாடை அவனைப் போல் இல்லை, கடவுள் இருக்கிறார். மற்றப் புதினங்கள் பிறகு. உன் புது மின்சுற்றுப் போர்ட் இந்த வாரம் அச்சுக்குப் போகிறதாமே, அக்கா சொன்னாள். போக முன் இதை வாசி.

எங்களிடம் ஒரு மழைமானி வேலை வந்தது, களனி கங்கைக் கரையில் வைக்க. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையில் நீ படகோட்டிய கதையை இன்னும் அளக்கிறாயே, அந்தப் பக்கம்தான். மழைநீர் நிறைந்ததும் சின்ன வாளி கவிழும், அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சை ஒரு கணம் மூடும். மழையில்லாத நேரமெல்லாம் அதை எண்ணுகிற பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினிப் போர்ட் தூங்கவேண்டும், முதல் கவிழ்ப்பில் எழும்பவேண்டும். சோலார் தகடு சின்னது. தூங்காவிட்டால் வானம் மப்பாக இருக்கிற நாட்களில் பற்றரி தாங்காது.

வெளியிலிருந்து வந்த வரைபடத்தில் சுவிட்ச் போர்டின் பி9 என்ற இணைப்பு வரிசையில் 12ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) இருந்தது. விழித்திருக்கும்போது ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் இன்டரப்ட், அதாவது ‘இங்கே பார்’ என்கிற சைகை, ஒழுங்காக வருகிறது. தூங்கவிட்டால் வாளி எத்தனை முறை கவிழ்ந்தாலும் அசைவே இல்லை. எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், பட்டன்களுக்கான ஜிபிஐஓ-கீஸ் பகுதிக்குள், ‘இது எழுப்பலாம்’ என்கிற வேக்கப்-சோர்ஸ் வரி இருக்கிறது. லினக்ஸ் தன் நிலைமையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் பார்த்தால் வேக்கப் கோப்பு ‘எனேபிள்ட்’ என்று சத்தியம் செய்கிறது. கட்டளை தட்டுகிற சீரியல் கன்சோலுக்கும் அதே அனுமதியைக் கொடுத்துவிட்டு ஒரு எழுத்தைத் தட்டினால் உடனே எழும்புகிறது! புதுப் பெடியன் லினக்ஸின் கருவான கெர்னலை மாற்றுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றான். நீயும் அந்த வயதில் அப்படித்தான்.

விஷயம் கெர்னலில் இல்லை, சில்லுக்குள் மின்சாரம் எங்கே நிற்கிறது என்பதில். பீகிள்போனின் சில்லான ஏஎம்335எக்ஸ் ஆழ்ந்து தூங்கும்போது பிரதான கோர் அணைந்துவிடும். வேக்கப் டொமைன் என்ற சின்னப் பகுதியும் அதிலுள்ள கோர்டெக்ஸ்-எம்3 என்ற குட்டிக் கோரும்தான் காவலுக்கு நிற்கும். பின்களைக் கவனிக்கும் ஜிபிஐஓ தொகுதிகளில் ஜிபிஐஓ0உம், சீரியல் கன்சோலுக்கான யூஆர்ட்0உம் அந்தப் பகுதிக்குள். ஜிபிஐஓ1, 2, 3 வெளியே. 12ஆம் பின் ஜிபிஐஓ1_28. வோச்சர் வீட்டுக்குப் போன பிறகு கேட்டில் நின்று மணியடித்த மாதிரி. ‘எனேபிள்ட்’ என்பது லினக்ஸ் கொடுத்த அனுமதி மட்டும். கேட்க ஆள் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

வயரைப் பக்கத்து 11ஆம் பின்னுக்கு மாற்றினோம். அது ஜிபிஐஓ0_30. டிவைஸ் ட்ரீயில் எண்ணைத் திருத்தி, பின்னை மேல் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் புல்-அப்பையும் அங்கேயே போட்டோம். இல்லாவிட்டால் அந்தப் பின் அந்தரத்தில் மிதந்து, மழையே இல்லாமல் எழுப்பிவிடும். அவ்வளவுதான், எழும்பியது.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். ரீட் சுவிட்ச் கண நேரம் மூடித் திறந்துவிடுகிறதே, போர்ட் எழும்பி வருவதற்குள் அந்த முதல் கவிழ்ப்புத் தொலைந்துவிடாதா என்று பயந்தேன். ஜிபிஐஓ-கீஸ் டிரைவரின் நிரலைத் திறந்து பார்த்தால், அதற்கும் யாரோ புண்ணியவான் யோசித்து வைத்திருக்கிறான். தூக்கத்தில் வந்த இன்டரப்ட் என்றால், பட்டனிலிருந்து கை எடுத்தாகிவிட்டாலும் ஒரு அழுத்தலைத் தானே உண்டாக்கி மேலே அனுப்புகிறது. பழைய ‘ஜிபிஐஓ-கீ,வேக்கப்’ என்ற, வேக்கப்-சோர்ஸுக்கு முன்பிருந்த பெயரைக்கூட இன்னும் ஏற்றுக்கொள்கிறது. நம் கணக்கு வாத்தியாருக்கு இந்தப் பெருந்தன்மை இருந்திருந்தால் நீ பாஸ் பண்ணியிருப்பாய்.

ஆனால் மச்சான், வேலைமேசையில் இது சிரிப்பு. கரையில் வைத்த பிறகு தெரியவந்தால்? மழை கொட்டும், மானி பூச்சியம் என்று காட்டும், அதை நம்பி ஒரு வீட்டார் படுத்திருப்பார்கள். அதுதான் இந்த நேரத்தில் இருந்து எழுதுகிறேன்.

உன் போர்டில் எஸ்டிஎம்32எம்பி1 சில்லு அல்லவா? லேசான தூக்கமான ஸ்டாப் நிலையோடு நிறுத்தினால் ஜிபிஐஓ பின்கள் இஎக்ஸ்டிஐ என்ற இன்டரப்ட் பகுதி வழியாக எழுப்பும், ஆனால் வெவ்வேறு பின் தொகுதிகளில் ஒரே எண்ணுள்ள இரண்டு பின்களை ஒன்றாக எடுக்க முடியாது. பிஏ3ஐ எடுத்தால் பிபி3 போச்சு. அதைவிட ஆழமான ஸ்டாண்ட்பைக்குப் போவதென்றால் அதற்கென்று ஒதுக்கிய 6 வேக்கப் பின்கள் மட்டுமே. நீ கதவு பட்டனை எங்கே கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறாய்? திங்களுக்குள் பின் பட்டியலை அனுப்பு, நானும் ஒரு தரம் பார்க்கிறேன். படமாக எடுத்து அனுப்பாதே, உன் கையெழுத்தை உன் மனைவியாலேயே வாசிக்க முடியாது.

அன்புடன்,
உன் பழைய லாப் கூட்டாளி