பெயர் போட வேண்டாம் என்ற அக்காவுக்கு

மேக், லினக்ஸ் கணினிகளில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவுக்கு நான் அனுப்பிய ஃபார்முலாவை, அதாவது ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது என்று சொல்லும் சிறு நிரலை, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இதற்குப் பண்டாரவளையில் இருக்கும் ஒரு அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், பெயர் போட்டால் பேசவே மாட்டேன் என்றுவிட்டார், சரி. 2023இல் வந்த ஹோம்ப்ரூ 4.0 பதிப்பிலிருந்து, மென்பொருள் நிறுவ மட்டும் என்றால் ஃபார்முலாக்கள் எல்லாம் இருக்கும் முழுக் களஞ்சியமும் நம் கணினியில் தேவையில்லை, ஆனால் பங்களிக்க அது வேண்டும். ஹட்டனில் மழை நேரத்து சிக்னலில் அது இறங்கி முடியுமா? அக்கா தன் வீட்டு ஃபைபரில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, பதுளை ரயிலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அப்புறம் ஃபார்முலாவோடு எழுத வேண்டிய டெஸ்ட் பற்றிப் போனில், "டெஸ்ட்ல வெர்ஷனை மட்டும் கேட்டா போதாது தம்பி, சின்னக் கோப்பு ஒன்றைக் கொடுத்து வெளியீடு சரியா வருதான்னு பார்க்கணும்" என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். பரிசீலித்தவர்கள் அந்தப் பகுதியில் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. அக்கா, ஹட்டன் பக்கம் வந்தால் சொல்லுங்க, பென்டிரைவைத் தந்துவிடுகிறேன்.