செயலாளர் ஆண்டறிக்கை 2022–23

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. மழையால் நவம்பரில் மட்டும் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் டிடிமோஸ் என்ற சிறுகோள்தான். மற்ற வேலைகள் பின்தங்கியதற்கு நானே பொறுப்பு.

செப்டம்பர் 27 விடியற்காலை நான்கு மணிக்கே அறை நிறைந்துவிட்டது. டிடிமோஸ் சுமார் 780 மீட்டர் அகலமுள்ளது. அதைச் சுற்றும் டைமார்ஃபோஸ் என்ற குட்டி நிலவு ஏறத்தாழ 160 மீட்டர்தான். அந்த நிலவின் பாதையைச் சற்று மாற்றிப் பார்க்க, நாசாவின் டார்ட் விண்கலம் அதன்மீது நொடிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய் மோத வேண்டும். திரையில் முதலில் ஒரே புள்ளி, பிறகு இரண்டு, பிறகு கற்குவியல். 4.44 தாண்டியதும் கடைசிப் படம் பாதியில் நின்றது. "ஐயோ, நெட் போயிடுச்சு!" என்று பின்வரிசையில் ஒரு குரல். போனது நெட் இல்லை, விண்கலமே. 1.1 கோடி கிலோமீட்டர் தாண்டி அந்தச் செய்தி வந்து சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆனது.

அக்டோபரில் பள்ளி மாணவர்களுக்கு இதை ஒரு தேங்காயும் நெல்லிக்காயும் வைத்து விளக்கினோம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அளவு ஏறக்குறைய சரியாகவே வந்தது. பூமியிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே ஒளிப்புள்ளி. நெல்லிக்காய் தேங்காயின் முன்னே வந்தாலும் பின்னே மறைந்தாலும் வெளிச்சம் சற்றுக் குறையும். செக் வானியலாளர் பீட்டர் பிராவெட்ஸ் 2003-இல் இந்த நிலவைக் கண்டுபிடித்தது அந்த மங்கலை வைத்துத்தான். மங்கல் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று கணக்கிட்டால் சுற்றும் நேரம் கிடைத்துவிடும். மோதலுக்கு முன் அது 11 மணி 55 நிமிடம்.

மோதலுக்கு இரட்டைச் சிறுகோளைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். நிலவின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. தனிச் சிறுகோளாக இருந்திருந்தால் இதை உறுதிசெய்யப் பல காலம் ஆகியிருக்கும். இங்கே கடிகாரமே போதும். சுற்றும் நேரம் 73 நொடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். 32 நிமிடம் குறைந்திருக்கிறது என்று அக்டோபரில் அறிவித்தார்கள். மார்ச்சில் வந்த கட்டுரைகள் அதை 33 ஆக்கின. விண்கலம் தள்ளியது ஒரு பங்குதான். தெறித்துப் பின்னால் பறந்த கல்லும் தூசியும் அதைவிடப் பலமாக உதைத்துவிட்டன. இதைக் கேட்ட ஒரு மாணவி, நெல்லிக்காயை ஊசியால் குத்தி, "சாறு பீய்ச்சுற மாதிரியா சார்?" என்றாள். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை.

ஒரு தோல்வியையும் பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் டிடிமோஸ் பூமியை நெருங்கியபோது நம் 8 அங்குலத் தொலைநோக்கியை மூன்று இரவுகள் திருப்பிப் பார்த்தோம். எதுவும் தெரியவில்லை. புது எல்.இ.டி. தெருவிளக்கு ஒரு காரணம், கண்ணாடிப் பூச்சு மங்கிக் கிடப்பது இன்னொன்று. தெருவிளக்கு பற்றி மனு கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை.

மோதல் விட்டுச்சென்ற தடத்தை அருகிருந்து பார்க்க ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024-இல் கிளம்பி 2026 இறுதியில் அங்கே சேரும் என்பது திட்டம். கண்ணாடிக்கு மறுபூச்சு போட அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிட்டால் அடுத்த வாரமே அனுப்பிவிடலாம்.

செயலாளர்