கண்காயம்: முதல் நாள் பார்வையை எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

புத்தாண்டுக் காலப் பட்டாசுக் கண்காயங்கள் பற்றிய தங்கள் செய்தி, பார்வை திரும்புமா என்பதைத் தொடவில்லை. வீட்டார் முதலில் கேட்பது அதைத்தானே. காயத்தால் விழித்திரை (கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் படலம்) விலகியவருக்கு அதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். 2002இல் வெளியான கண்காய மதிப்பெண் முறையில், காயப்பட்டதும் இருந்த பார்வைக்கே முதலில் புள்ளி. கண்கோளம் வெடித்ததா, உள்ளே கிருமி தொற்றியதா, விழித்திரை விலகியதா என்று பார்த்து அப்புறம் கழிப்பார்கள்.

பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்யும் என் தங்கை மகனுக்குச் சுத்தியல் அடியில் இரும்புத் துணுக்குத் தெறித்தது. முதலில் காட்டிய இடத்தில் சொட்டு மருந்து விட்டு, கண்ணைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். சில கிழமைகளில் பார்வையின் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கியது; விழித்திரை விலகியிருந்தது. "அன்று விரல்களை எண்ண முடிந்ததா, வெளிச்சம் மட்டும் தெரிந்ததா?" என்று கண் வைத்தியர் கேட்டார். முதலில் காட்டிய இடத்தில் தந்த மருந்துத் துண்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வலியில் துடித்தவனுக்கும் நினைவில்லை. கண்காயத்தோடு வருபவரின் இரு கண் பார்வையையும் கட்டுப் போடுமுன் அளந்து எழுதுவதை, வெளிநோயாளர் பிரிவுகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் சுகாதார அமைச்சு கட்டாயமாக்கலாம். அதற்குச் சுவரில் ஓர் எழுத்து அட்டை போதும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06