கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டாய்ல்ஸ்டவுன் ஊரிலுள்ள மெர்சர் அருங்காட்சியகம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அங்கே ஒரு முழுநாள் சுற்றியிருக்கிறேன். கட்டுரையாளர் அந்தக் கோட்டை போன்ற கட்டடத்தை ஆசையாக வர்ணித்திருக்கிறார். ஆனால் அதை இன்றுவரை வைத்துக் காப்பாற்றுகிற பக்ஸ் கவுன்ட்டி வரலாற்றுச் சங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கவுன்ட்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம். அந்த மாவட்டத்துக்காரர்கள் சிலர் கூடி 1880இல் தொடங்கிய சங்கம் அது. உள்நாட்டுப் போரில் படை நடத்திய, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருமான டபிள்யூ. டபிள்யூ. எச். டேவிஸ் முதல் தலைவர். தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் ஹென்றி சாப்மன் மெர்சர். அப்போது அவருக்கு வயது 24.

மெர்சர் சட்டம் படித்துவிட்டு அகழாய்வுப் பக்கம் போனவர். 1897இல் கணப்படுப்புச் சாமான் தேடி ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் போயிருக்கிறார். அங்கே ராட்டைகள், உப்புப் பெட்டிகள், வைக்கோலில் பின்னிய தேனீக் கூடுகள் எல்லாம் குப்பையாகக் குவிந்து கிடந்தன. இயந்திரங்கள் வந்ததும் வீட்டைவிட்டு வெளியே எறியப்பட்டவை. பூமிக்கடியில் ஆதிமனிதனின் கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, தன் தாத்தா காலத்துக் கருவிகள் கண்ணெதிரே அழிவது அப்போதுதான் உறைத்தது. ஊர் ஊராகப் போய் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். அதே ஆண்டில் கண்காட்சியும் வைத்தார். போர்களையும் தலைவர்களையும் பேசும் வரலாற்றில் ஏர்க்காரருக்கும் கொல்லருக்கும் இடம் கேட்டவர் அவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1907இல் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு செங்கல் கட்டடம் அமைந்தது. மெர்சரின் சேகரிப்புக்கு அந்த இடம் போதவில்லை. அதை ஒட்டியே 1913 முதல் 1916 வரை கான்கிரீட்டில் இப்போதுள்ள அருங்காட்சியகத்தைத் தன் செலவில் கட்டிச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். கான்கிரீட்டுக்குக் காரணம் உண்டு. அவருடைய தாயின் சகோதரி சேர்த்து வைத்திருந்த பழங்காலக் கவசங்கள் 1872இல் பாஸ்டன் நகரத் தீ விபத்தில் அழிந்தன. அந்த பயம் அவரைவிட்டுப் போகவே இல்லை. ஒரு சில வேலையாட்கள், லூசி என்ற ஒரு குதிரை, இவ்வளவுதான் ஆள்பலம். 1911இலிருந்து 1930இல் இறக்கும்வரை சங்கத்தின் தலைவரும் அவரே.

சரி, அவர் போய்விட்டார். அதற்கப்புறம் எத்தனை ஆண்டுகள்! பல்லாயிரக்கணக்கான பொருள்களைத் துடைத்து, பட்டியலிட்டு, பூச்சி அரிக்காமல் பார்த்தது யார்? சங்கம்தான். அங்கேயே ஒரு நூலகமும் வைத்து, அந்த மாவட்டத்தின் பழைய ஆவணங்களையும் பத்திரிகைகளையும் பாதுகாக்கிறார்கள். மெர்சர் வாழ்ந்த ஃபான்ட்ஹில் மாளிகையும் இவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒரு மனிதரின் ஆசை அவரோடு முடிந்துபோகாததற்கு இந்தச் சங்கம்தான் காரணம் என்பேன்.

நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் திமிங்கில வேட்டைப் படகும் குதிரை வண்டியும் தலைக்கு மேலே தொங்குகின்றன. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் நின்றுவிட்டது தச்சுக் கருவிகள் இருந்த இடத்தில். கண்ணாடிக்கு அப்பால் இழைப்புளிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் பிடியில், உள்ளங்கை பட்டுப் பட்டு மரம் பள்ளமாகி வழவழவென்று மின்னியது. என் அப்பா ஆசாரி. அவருடைய இழைப்புளியிலும் அதே இடத்தில் அதே பள்ளம். மகள் இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை.

அன்று இரவே ஊருக்கு போன் போட்டு அண்ணனிடம் கேட்டேன். பாதிக்கு மேல் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதாம். ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி மட்டும் பரணில் மிஞ்சியிருந்தன. ஊர் திரும்பியதும் போய் எடுத்து வந்துவிட்டேன். எது எந்த வேலைக்கு என்று சித்தப்பாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு 81 வயது, இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.