எத்திலீனும் கார்பைடும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ரசாயனம் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழங்களை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்து அழித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நடவடிக்கை சரிதான். ஆனால் கால்சியம் கார்பைடையும் எத்திலீனையும் ‘ரசாயனம்’ என்று ஒரே கணக்கில் எழுதியிருப்பது முறையல்ல. எத்திலீன், பழம் தானே உண்டாக்கும் வாயு. ஒரு பழம் வெளியிடுவதைப் பக்கத்துக் காயின் செல்கள் உணர்ந்து, அவையும் எத்திலீனை வெளியிடத் தொடங்கும். மாவுச்சத்து சர்க்கரையாவது, தோல் நிறம் மாறுவது எல்லாம் அப்புறம்தான். ஆப்பிள் இந்த வாயுவை வெளியிடுவதை 1934இல் ரிச்சர்ட் கேன் என்ற விஞ்ஞானி நிரூபித்தார். கார்பைடோ ஈரம் பட்டால், எத்திலீனைப் போலவே காயைப் பழுக்கவைக்கும் அசிட்டிலீன் என்ற வேறொரு வாயுவைக் கக்கும். ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுகளின் கலப்பும் அதில் இருக்கக்கூடும். பழங்களைப் பழுக்கவைக்க அது தடை செய்யப்பட்ட பொருள். எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. (எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் என்ற ரசாயனத்தின் கரைசலில் பழத்தை முக்கியெடுப்பது வேறு கதை, அதற்கு அனுமதியில்லை.)

எங்கள் குடும்பத்துக்கு வாழைக்காய் மண்டி. அப்பா காலத்தில் தார்களை அடுக்கி, அறையைச் சாத்தி, புகை மூட்டம் போடுவார்கள். காயைப் பழுக்கவைத்தது அந்தப் புகையில் இருந்த எத்திலீன்தான். இன்று முறைப்படி எத்திலீன் அறை வைத்திருந்தும், “கல்லு வச்சதா?” (கார்பைடைத்தான் கல் என்கிறார்கள்) என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். சோதனைச் செய்திகளில் பிடிபட்ட பொருளின் பெயரைத் தாங்கள் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பழத்தை எந்த முறையில் பழுக்கவைத்தார்கள் என்று கடையில் பலகை வைப்பதை அரசு கட்டாயமாக்கலாம்.

– வாழை வியாபாரி ஒருவர், திருச்சி