ஜெனரேட்டர் காற்றில் இரண்டு இரவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்ததைப் படித்தேன். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஒரு தீவுக்குப் போனாராம், இரண்டாம் நாளே கரண்ட் போய் மூன்று நாள் வரவே இல்லையாம், விடுதிக்காரர் இரவு 10 மணியானதும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டாராம், கட்டிய பணத்தில் பாதியாவது திருப்பித் தர வேண்டாமா என்று கேட்டிருந்தார். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புழுக்கத்தில் கிடப்பது கஷ்டம்தான். பணத்தைக் கேட்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த 10 மணி விஷயத்தில் என் மனசு விடுதிக்காரர் பக்கம்தான் சாய்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2022 மார்ச் கடைசியில் நானும் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து யாழ்ப்பாணம் போயிருந்தோம். மனைவியின் பூர்வீகம் அது. கொரோனாவால் இரண்டு வருஷம் போக முடியாமல் இருந்து, அவருடைய பெரியம்மாவுக்கும் 80 தாண்டிவிட்டது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டிக்கெட் எடுத்தோம். அப்போது இலங்கையில் டாலர் இல்லை, அதனால் டீசல் இல்லை. டீசல் ஏற்றி வந்த கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே காசுக்காகக் காத்து நிற்கிறது, மலைநாட்டில் காசல்றீ, மவுசாகலை, கொத்மலை என்று மின்சாரம் எடுக்கும் நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இறங்கிக் கிடக்கிறது. மாதத் தொடக்கத்தில் 7 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்த மின்வெட்டு, நாங்கள் அங்கே இருக்கும்போதே 10 மணி நேரமாகி, 31ஆம் தேதி 13 மணி நேரத்துக்குப் போய்விட்டது. ஊரை ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று அட்டவணை விடுவார்கள். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால் "உங்களுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகுது" என்றுதான் கேட்டார்கள்.

இதெல்லாம் செய்தியில் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். கெட்டிக்காரத்தனமாக டார்ச் லைட் மூன்று, பவர்பேங்க் இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். (அவர்களுக்குத் தேவைப்பட்டது பால்மா, அதாவது பால் பவுடர். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.)

போய்ச் சேர்ந்த அன்றிரவு எங்கள் அறையில் மட்டும் ஒரு மின்விசிறி, ஒரு பல்பு. பெரியம்மாவின் மகன், எனக்கு மச்சான் முறை, ஓட்டோ ஓட்டுகிறவர், எங்கிருந்தோ சின்ன ஜெனரேட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பின்பக்கத்தில் வைத்திருந்தார். விடிய விடிய தடதடவென்று ஓடியது. காலையில் நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "சத்தம்தான் கொஞ்சம் அதிகம் மச்சான், காற்று பரவாயில்லை" என்று வேறு சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த இரவும் ஓடியது. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் கிணற்றடிக்குக் குளிக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஓட்டோ பக்கத்தில் குந்தி, டாங்கிக்குள் ஒரு ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சுகிறார். பெற்றோல் வாய்க்குள் வந்ததும் துப்பிவிட்டுக் குழாயைக் கேனுக்குள் திருப்புகிறார். அப்புறம் வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "குளிச்சாச்சா?" என்கிறார்.

அப்போதுதான் உறைத்தது, நாங்கள் வந்த நாளிலிருந்து அந்த ஓட்டோ வாசலை விட்டு நகரவில்லை. பட்டாளத்துக்காரர்கள் காவல் நின்ற பெற்றோல் செட்டில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று வாங்கிய பெற்றோல் அது. அதை வைத்து அவர் நாலு காசு பார்த்திருக்க வேண்டும், நான் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு, "அது கிடக்கட்டும், நீங்கள் சிங்கப்பூரில இருந்து வந்து வேர்வையில படுக்கேலாது" என்றார். உள்ளேயிருந்து பெரியம்மா, "நான் அப்பவே சொன்னனான் தம்பி, இவன் கேக்கேல்லை" என்று குரல் கொடுத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கேனில் இருந்ததைத் திரும்ப டாங்கியில் ஊற்றச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து விறாந்தையில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) பாய், நுளம்பு வலை, அதாவது கொசுவலை. சொன்னால் நம்பமாட்டீர்கள், தூக்கம் வந்தது.

அந்த விறாந்தையில்தான் பெரியம்மா ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் நிற்கும் ஒரு சின்னத் திரி, அவ்வளவுதான். போத்தலே சிமினி. 90களில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்டே இல்லாத வருஷங்களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எண்ணி எண்ணி வாங்கிய காலத்தில், வீட்டுக்கு வீடு இருந்த விளக்கு இது. சிக்கன விளக்கு என்று பெயர். பேட்டரியும் கிடைக்காத காலம், ஆகவே ரேடியோ கேட்கச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்து டைனமோவில் ஓட்டுவார்களாம். எங்கள் மச்சான்தான் அந்த வீட்டின் அப்போதைய ஜெனரேட்டர். "இவன் களைச்சால் செய்தியும் களைச்சுப்போம்" என்று பெரியம்மா சொல்ல, இருட்டில் எல்லோரும் சிரித்தோம்.

சகோதரிக்கு நான் சொல்ல வருவது இதுதான். தீவில் கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. ஆஸ்பத்திரி, தண்ணீர் பம்பு, மீன்பிடிப் படகு, தொலைபேசிக் கோபுரம் எல்லாம் அதே டீசலைத்தான் நம்பியிருக்கின்றன. இலங்கை மாதிரி காசில்லாமல் வரும் இருட்டு ஒரு வகை, கடலடிக் கேபிள் போய் வரும் இருட்டு இன்னொரு வகை. தாய்லாந்தின் கோ சாமுய் தீவில் 2012 டிசம்பரில் கேபிள் கோளாறால் மூன்று நாள் போல கரண்ட் இல்லை. தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குப் பெருநிலத்திலிருந்து வரும் கேபிள் 2009 டிசம்பரில் போய், மறுபடி வர மூன்று மாதம் ஆனது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விடுதிக்காரர் 10 மணிக்கு நிறுத்தினார் என்றால் அவரிடம் இருந்தது அவ்வளவுதானோ என்னவோ. கேட்டுப் பார்த்திருக்கலாம்.

சிங்கப்பூரில் நமக்கும் இது தெரியாத கதையில்லை, மறந்துபோன கதை. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18க்கு உட்லண்ட்ஸ், பிடோக், கேலாங் என்று பல வட்டாரங்களில் ஏறக்குறைய 147,000 மின் இணைப்புகள் இருண்டன. 38 நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது, அதற்குள் எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் நடந்த களேபரத்தைப் பார்க்க வேண்டுமே! நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு வெளியிலிருந்து வாங்கும் எரிவாயுவில் வருகிறது. மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் பம்புதான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பயணப் பக்கத்தில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் போடுகிறீர்கள், போடுங்கள். கரண்ட் இல்லாத ஊரில் விருந்தாளி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் எழுதுங்கள். கார்டு மெஷின் வேலை செய்யாது, ரொக்கம் வேண்டும். தொலைபேசிக் கோபுரத்தில் பேட்டரி இறங்கினால் போனில் சிக்னலும் போய்விடும், விலாசத்தைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். என்னைப் போல இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன் மருந்தகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் போடும் வகை, பிரித்த பிறகு 30 டிகிரிக்குள் இருந்தால் 4 வாரம் தாங்கும் என்றார்கள். பிரிக்காததைப் பெரியம்மா ஈர மணல் போட்ட மண்பானைக்குள் ஒரு சின்னச் சட்டியில் வைத்து மூடி, காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

31ஆம் தேதி கிளம்பினோம், கொழும்பு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு ஒன்றுகூட எரியவில்லை. யாழ்ப்பாணம் பேருந்து நிலையம் வரை மச்சானின் ஓட்டோவில்தான் வந்தோம், அன்று திருப்பி ஊற்றிய அதே பெற்றோலில். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். பவர்பேங்க் இரண்டையும் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
உட்லண்ட்ஸ்