அப்பாவின் புல்லட்டைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஊர் வீட்டை ஒழித்தபோது அப்பாவின் புல்லட்டை மட்டும் விற்க மனம் வராமல் லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டு வந்துவிட்டாய் என்று உன் கடிதத்தில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனால் அதற்கு அடுத்த பத்தியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட், பெரிய கார்புரேட்டர், அகலமான டயர், சத்தமான சைலன்சர் என்று நீ எழுதியிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் இதை உடனே எழுதுகிறேன். அவற்றில் ஒன்றையும் இப்போது வாங்காதே. அந்த வண்டி ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி ஓடியதோ, அந்த நிலைக்கு முதலில் அதைக் கொண்டு வா. அப்படிச் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்தால்தான், எது வண்டியின் அமைப்பிலேயே உள்ள போதாமை, எது கவனிப்பில்லாமல் வந்த கோளாறு என்று உனக்குப் பிரித்தறிய முடியும்.

உன்னிடம் இருப்பது வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பிறகு ரெட்டிச் ஆலையே மூடப்பட்டும், திருவொற்றியூரில் இந்த எஞ்சின் அடிப்படை மாறாமல் 2000-களின் இறுதி வரை தயாராகிக்கொண்டிருந்தது. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி அதுதான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ கேட்டால் இதற்குக் கிடைக்காத உதிரிப்பாகம் அநேகமாக இல்லை. தரம்தான் கடைக்குக் கடை மாறும்; ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். இன்னொரு வசதி, எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் இருக்கும் பிரைமரி செயின் கேஸ் ஆகிய மூன்றும் இதில் தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயில். ஒன்றைப் பிரிக்கும்போது மற்றதைத் தொட வேண்டியதில்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரம் கிடைக்கும் உன்னைப் போன்றவனுக்கு வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட்டில் பல நட்டுகள் மில்லிமீட்டர் அளவில் இருக்காது. விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல அளவு ஸ்பேனர்கள் வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். எத்தனையோ புல்லட்டுகளின் நட்டுகள் உளியால் அடிவாங்கிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

பல ஆண்டுகள் நின்ற வண்டியை உடனே உதைத்து ஸ்டார்ட் செய்துவிடாதே. இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் என்று வெளியே எதுவும் இல்லை. கிராங்க் கேஸின் பின்பகுதியே டேங்க். வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் தெறித்துப் பிரீதர் என்ற காற்றுப்போக்கிக் குழாய் வழியாக வெளியே கொட்டும். பார்ப்பவர்கள் எஞ்சினே போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். ஆகவே டேங்குக்கு உரிய டிரெயின் நட்டையும் கிராங்க் அறைக்கு உரியதையும் கழற்றி, இருப்பதை முழுவதும் வடித்துவிடு. ஃபில்டரை மாற்றி, நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்று. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிட்ட பிறகு கிக்கரை மெதுவாக அமுக்கிப் பார். பிஸ்டன் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று காலிலேயே தெரிந்துவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் நீ செய்ய வேண்டிய முதல் சோதனை, சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் ராக்கர் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி அங்கே ஆயில் கசிகிறதா என்று பார்ப்பது. கசியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடு. பழைய 350-இன் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடத்தில், ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். தொடர்ந்து நல்ல ஆயில் கிடைக்கும் வரை அது நெடுங்காலம் உழைக்கும். ஆயில் நின்றுபோனால் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வுகளைத் திறக்கும் புஷ் ராடுகளின் அளவைச் சரிசெய்யும் வேலை. இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் பாதிப் புல்லட்டைக் கற்றுக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்பே செய்வது உத்தமம். வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் உள்ள சிறிய மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளும் அவற்றின் கீழே அட்ஜஸ்டர்களும் தெரியும். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வந்த நிலையில் நிறுத்திவிட்டு, ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துச் சுழற்றிப் பார். தடையில்லாமல் சுழல வேண்டும். அதே சமயம் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒருசேர அமையும் இடத்தில் பூட்டு நட்டை இறுக்கிவிட்டு மறுபடியும் சுழற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் நட்டை இறுக்கும்போதே அளவு சற்று மாறிவிடும். சத்தம் வரக் கூடாது என்பதற்காக இறுக்கமாக வைத்துவிடாதே. வால்வு முழுவதும் மூடாமல் நாளடைவில் கருகிவிடும். கிக்கரில் கம்ப்ரஷனும் குறையும். டேப்பெட்டிலிருந்து இலேசாக ஒரு டிக்டிக் சத்தம் வருவது இந்த எஞ்சினுக்கு இயல்பு; அதைக் கேட்டுக் கவலைப்படாதே.

அடுத்து, பிளக்கில் பொறி வரச் செய்யும் மின்தொடர்பான பாயின்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள், கண்ணளவை நம்பாதே. பாயின்ட்டின் குதி கேமின் மேல் உரசி உரசித் தேயத் தேய இடைவெளி குறையும். அதனுடன் பொறி வரும் நேரமான டைமிங்கும் பின்தங்கும். அப்போது வண்டி இழுக்காது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், சைலன்சர் பைப் நீலம் பாயும். கிராமத்தில் இதைப் பார்த்துவிட்டு பிஸ்டன் போய்விட்டது என்று சிலிண்டரைக் கடைந்து போரிங் போட அனுப்பிய கதைகள் எனக்குத் தெரியும். வண்டி சூடானதும் தட்டித் தட்டி ஓடி, ஆறினால் சரியாகிவிடுகிறது என்றால் பாயின்ட்டோடு இணைந்த கண்டென்சரைச் சந்தேகப்படு. பாயின்ட் தட்டின் அடியில் இருக்கும், வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்கூட்டி வரவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு துளி எண்ணெய் விட்டுப் பொருத்து.

இவை சரியாக இருந்தால் செல்ஃப் ஸ்டார்ட்டை நீ நினைக்கவே மாட்டாய். உன் அப்பா கிக்கரை ஒருமுறைக்கு மேல் உதைத்து நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது ஆம்ப் மீட்டரைப் பார்க்கும் முறை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கிக் கம்ப்ரஷன் தடுக்கும் இடம் வரை கொண்டு வா. பாயின்ட் மூடியிருக்கும்போது ஆம்ப் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷரை அழுத்திக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிது தள்ளினால் முள் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே வீச்சில் கடைசி வரை அமுக்கினால் எஞ்சின் எடுத்துக்கொள்ளும்.

இனிப் பெட்ரோல் விஷயம். உன் அப்பா ஓட்டிய காலத்துப் பெட்ரோல் இன்று இல்லை. பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் உப்ப வைத்து மென்மையாக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துருவேற்றும். ஆகவே பெட்ரோல் குழாய், டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாஷர், கார்புரேட்டர் கேஸ்கெட், மிதவை ஊசி எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் புதியவையாக மாற்றிவிடு. எத்தனால் எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட்டில் கலவை பெட்ரோல் குறைந்து சற்று வறண்டுவிடும். நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தியவுடன் பிளக்கைக் கழற்றிப் பார். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டு. காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் தொடாதே. வெளியூர் போவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்து.

மாற்றங்களுக்கு நான் எதிரி அல்லன். என் வண்டிக்கு இந்த மழைக்காலத்துக்கு முன் வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்திருக்கிறேன். கடற்காற்றில் இங்கே செம்பே பச்சை பூத்துவிடுகிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர்களின் மேலுறை உரசி உரிந்து கிடந்தது. விளக்கு, ஹாரன், இக்னிஷன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸும் சட்டத்துக்கு ஒரு நல்ல எர்த் வயரும் கொடுத்த பிறகு விளக்கின் வெளிச்சமே வேறாகிவிட்டது. உன் வண்டி ஆறு வோல்ட்டா என்று பேட்டரி மூடிகளை எண்ணிப் பார். மூன்று மூடி என்றால் ஆறு வோல்ட். அதைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுவது செலவுக்குத் தகுந்த முன்னேற்றம். எல்.இ.டி. பல்பு போட்டால் பேட்டரியின் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் பழைய ரிஃப்ளெக்டரில் மட்டமான எல்.இ.டி. ஒளியைச் சிதறடித்து எதிரில் வருபவன் கண்ணைக் கூசச் செய்யும், ஹாலஜன் போதும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, டிஸ்க்குக்கு முன்பு டிரம்மிடம் நியாயமாக நடந்துகொள். ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்தும்படி லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கு. புதிய கேபிள் போடு. பிரேக் பிடித்த நிலையில் கேபிளும் அது இழுக்கும் கேம் கையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கும்படி அட்ஜஸ்ட் செய். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், பின்னாளில் வந்த இரட்டை லீடிங் ஷூ கொண்ட முன் ஹப்பைப் பொருத்தலாம். அதுவும் இதே வீட்டுச் சரக்குதான். டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதே. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து எடு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதான டயரைத் தூக்கிப் போட்டுவிடு. பழைய 3.25-19 அளவையே வாங்கு. அகலம் கூட்டினால் வளைவில் வண்டி சோம்பும்.

பெரிய கார்புரேட்டரும் ஓட்டைச் சைலன்சரும் வேண்டவே வேண்டாம். சிலிண்டரின் உள்விட்டமான போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர் என்று நீள வாக்கில் அமைந்த இந்த 346 சி.சி. எஞ்சின் குறைந்த சுற்றில் இழுப்பதற்கென்றே பிறந்தது. அதை விரட்டினால் நான் மேலே சொன்ன புஷ்தான் முதலில் பலியாகும். என்றாவது எஞ்சினை முழுவதும் பிரிக்க நேர்ந்தால், அப்போது ரோலர் பேரிங் கொண்ட கனெக்டிங் ராடைப் போட்டுக்கொள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மாற்றத்தை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். நெடுஞ்சாலையில் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்றால், செயின் மாட்டும் கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் பார்.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசுக்குப் பெயர் மாற்றுவதற்கு உரியது படிவம் 31; ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் முன் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி துடைத்து வை, ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதே. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. பெயின்ட் வேலையை இவையெல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம். டேங்கில் அப்பாவின் முழங்கால் பட்டுத் தேய்ந்த இடத்தை மட்டும் அப்படியே விடச் சொல்வேன். அது உன் விருப்பம்.

தீபாவளி விடுமுறையில் இரண்டு நாள் திருச்சிக்கு வருகிறேன். விட்வொர்த் ஸ்பேனர் செட்டும் ஃபீலர் கேஜும் நான் கொண்டு வருகிறேன். நீ ஆயில், ஃபில்டர், ஒரு கிலோ பனியன் வேஸ்ட், மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் வாங்கி வை. அதற்கு முன் டிரெயின் நட்டைக் கழற்றி வடித்த ஆயிலில் உலோகத் துகள் ஏதேனும் மினுங்குகிறதா என்று பார்த்து எனக்கு எழுது. அதைப் பொறுத்து இங்கிருந்து என்னென்ன வாங்கி வருவது என்று முடிவு செய்துகொள்கிறேன்.

உன் அன்பு நண்பன்